பச்சையமும் கல்லீரலும்

சீனாவில் யாங்சி ஆற்றின் கழிமுகத்தையொட்டிய சிடோங் பகுதி, கல்லீரல் புற்றுநோய் மிகுந்த இடம். அங்கே மக்காச்சோளமே நெடுங்காலம் முதன்மை உணவு. ஈரத்தில் பூசணம் பிடித்த சோளத்தில் ‘அஃப்ளாடாக்சின்’ எனும் நஞ்சு தோன்றுகிறது. சமைத்தாலும் அது முற்றும் அழிவதில்லை. கல்லீரல் அழற்சி ‘பி’ கிருமியும் உடலில் இருந்தால், ஆபத்து பன்மடங்காகிறது.

1997-இல் அங்கே 180 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினர், இலைப்பச்சையத்திலிருந்து செய்யப்படும் குளோரோஃபில்லினை வேளைக்கு 100 மில்லிகிராமாக நாளுக்கு மூன்று வேளை, நான்கு மாதம் உண்டனர். மறுபாதியினர் மருந்தில்லா மாத்திரையை உண்டனர். மருந்துண்டவர் சிறுநீரில், நஞ்சு மரபணுவைத் தாக்கியதன் சுவடு 55 விழுக்காடு குறைந்திருந்தது. பச்சையம் நஞ்சைக் குடலிலேயே பற்றிக்கொள்கிறது என்பது அறிஞர் கருத்து.

ஆயினும் குறைந்தது சுவடே. புற்றுநோய் குறைந்ததென அவ்வாய்வு மெய்ப்பிக்கவில்லை. சிடோங்கில் நோய் தணியப் பெரிதும் உதவியது, 1980-களில் மக்கள் சோளத்தை விட்டு அரிசிக்கு மாறியதே.

ஆகவே இல்லத்தரசியரே, கீரையை நாள்தோறும் சமையுங்கள். ஆனால் அதையே காப்பென நம்பிவிடாதீர்கள். தானியத்தை நன்கு உலர்த்தி வையுங்கள். பிறந்த குழந்தைக்குக் கல்லீரல் அழற்சி ‘பி’ தடுப்பூசியைத் தவறாது போடுங்கள். பூசணம் பிடித்த நிலக்கடலையை, வீணாகிறதே என்று உணவில் சேர்ப்பது சிக்கனமன்று. பிள்ளைகளுக்கு நாமே இடும் நஞ்சு.