ஒரு மாவட்டம்... மூன்று வழக்குகள்!

'க்ரைம்' என்றதும் சட்டென்று உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? செயின் பறிப்பு, பைக் திருட்டு, பஸ் ஸ்டாண்ட் பிக்பாக்கெட்... இப்படித்தானே? முகம் தெரியாத எவனோ ஒருத்தன் நம்ம பொருளைத் தூக்கிட்டு ஓடுறான். குற்றம் என்றால் நம் மனசில் ஓடும் படம் இதுதான்.

இந்தப் படத்தையே மாற்றிப் போடுகின்றன கடலூர் மாவட்டத்தின் மூன்று வழக்குகள். மூன்றிலும் குற்றம் செய்தவர்கள் முகமூடி போட்ட ஆசாமிகள் இல்லை. ஒன்றில், அதே காலேஜ் சீனியர். இன்னொன்றில், காக்கிச் சட்டை போட்ட போலீஸ். மூன்றாவதில், பெற்ற அப்பாவும் கூடப் பிறந்தவரும். என்ன நடந்தது? யார் பாதிக்கப்பட்டார்கள்? கொஞ்சம் பொறுமையாகப் படிங்க ஃப்ரெண்ட்ஸ்.

ஹாஸ்டலில்...

1996 நவம்பர். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த பொன் நாவரசு திடீரென்று காணாமல் போனார். அப்பா பொன்னுசாமி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பையனைத் தேடி அலைந்த குடும்பத்துக்குக் கிடைத்தது அவர் உயிரோடு இல்லை என்ற செய்திதான். உடலின் ஒரு பகுதி சென்னையில் ஒரு மாநகரப் பேருந்தில் கண்டெடுக்கப்பட்டது.

சீனியர் மாணவர் ஜான் டேவிட் கைதானார். ராகிங்குக்குப் பணியாததால்தான் கொலை என்றது அரசுத் தரப்பு. 1998-ல் கடலூர் செஷன்ஸ் கோர்ட் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2001-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அரசு மேல்முறையீடு போக, 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கடலூர் தீர்ப்பே சரி என்று ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. நடுவில் ஓடியது 15 வருஷம்!

இந்த ஒரு மரணத்தின் அதிர்ச்சியில்தான் தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்ற மாணவர் காலேஜை விட்டு நீக்கப்படுவார், வேறு காலேஜிலும் சேர முடியாது. அதைவிட முக்கியமான விஷயம், புகார் வந்தும் கண்டுகொள்ளாத காலேஜ் தலைமையும் குற்றத்துக்கு உடந்தை என்கிறது இந்தச் சட்டம். 'சும்மா ஜாலிக்குத்தான் சார்' என்ற வசனத்துக்கு அன்றோடு மரியாதை போச்சு.

ஸ்டேஷனில்...

1993 மார்ச். விருத்தாசலம் பக்கம் முதனை கிராமம். குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, கூலி வேலை செய்து பிழைத்தவர். ஒரு வீட்டில் நகை திருட்டுப் போக, சந்தேகத்தின் பேரில் கம்மாபுரம் போலீஸார் அவரைப் பிடித்துப் போனார்கள். அவர் மனைவி பார்வதியும் ஸ்டேஷனில் அடிபட்டார். பிறகு போலீஸ் சொன்ன பதில், 'உன் புருஷன் தப்பிச்சு ஓடிட்டான்.'

பார்வதி நம்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணோடு உள்ளூர் மார்க்சிஸ்ட் தோழர்கள் நின்றார்கள். வக்கீல் சந்துரு, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 'ஆளைக் கொண்டுவந்து காட்டு' என்று அரசாங்கத்தையே கேட்கிற மனு அது. கொண்டுவந்து காட்ட ஆள் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தவர்தான் ராஜாக்கண்ணு என்பது பிறகு தெரிந்தது. 2006-ல்தான் வழக்கு முடிந்தது. சம்பந்தப்பட்ட போலீஸார் தண்டனை பெற்றார்கள். 13 வருஷம்! 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படத்துக்கு மூலம் இந்தக் கதைதான்.

ஏன் நேராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? குறவர் உள்ளிட்ட பல சமூகங்களை 'பிறவியிலேயே திருடர்கள்' என்று முத்திரை குத்தியது வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பழங்குடிச் சட்டம். நாடு முழுக்க அதை ரத்து செய்தது 1952-ல். சட்டம் போய்விட்டது, முத்திரை மட்டும் போகவில்லை. சிலம்பைத் திருடினான் என்று விசாரிக்காமலே கோவலனை வெட்டிய கதையை ஸ்கூலில் படித்துவிட்டு வருத்தப்பட்டோமே... அது காப்பியத்தோடு முடிந்துபோன கதை இல்லை.

ஊரில்...

மூன்றாவது வழக்கின் நாயகி பெயரும் கண்ணகிதான். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை. கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்த முருகேசன் தலித். கண்ணகி வன்னியர். 2003 மே மாதம் கடலூர் பதிவாளர் அலுவலகத்தில் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8-ம் தேதி, இருவரையும் ஊருக்குக் கொண்டுவந்து, ஊரார் கண் எதிரிலேயே விஷம் கொடுத்துக் கொன்று, எரித்துவிட்டார்கள். செய்தது கண்ணகியின் சொந்தக் குடும்பம்.

லோக்கல் போலீஸ் என்ன செய்தது தெரியுமா? உடனே வழக்குப் போடவில்லை. பத்திரிகைகளில் வந்த பிறகு போட்ட வழக்கில், மகனைப் பறிகொடுத்த முருகேசனின் அப்பாவையும் குற்றவாளியாகச் சேர்த்தது! 2004-ல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். கண்ணகியின் சகோதரருக்குத் தூக்கு. 2022-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. 22 வருஷம்! அந்த வருஷம் பிறந்த குழந்தை இப்போது டிகிரியே முடித்திருக்கும்.

யாருக்கு அடி?

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஹாஸ்டல், போலீஸ் ஸ்டேஷன், சொந்த வீடு. மூன்றுமே 'இங்கே இருந்தா பயமில்லை' என்று நாம் நம்பும் இடங்கள். திருடன் வந்தால் வீட்டுக்குள் ஓடுவோம், ஸ்டேஷனுக்கு ஓடுவோம். ஆபத்து அங்கிருந்தே வந்தால் எங்கே ஓடுவது? அதனால்தான் இந்த வகைக் குற்றங்கள் பர்ஸ் திருட்டைவிட ஆழமாக வெட்டுகின்றன.

அடுத்தது, அடி விழுவது யார் மேல்? ஊருக்குப் புதுசாக வந்த, இன்னும் நண்பர்களே சேராத ஃபர்ஸ்ட் இயர் பையன். கேட்க நாதியில்லை என்று நினைக்கப்பட்ட கூலித் தொழிலாளி. சாதியின் எல்லைக்கோட்டைத் தாண்டிய ஜோடி. தனியாக இருப்பவனைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். துணைவேந்தர் மகனாக இருந்தாலும் ஹாஸ்டல் ரூமுக்குள் அவன் தனி ஆள்தான்.

செத்தவர்கள் மட்டும்தான் பாதிக்கப்பட்டவர்களா? 15, 13, 22 என்று வருஷக் கணக்கில் கோர்ட் படி ஏறிய குடும்பங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? புகார் கொடுத்த அன்றிலிருந்தே மிரட்டல், சமாதானப் பேச்சு, 'எதுக்கும்மா வம்பு' என்ற அட்வைஸ். அத்தனையையும் தாண்டி நின்றதால்தான் மூன்று வழக்குகளிலும் தீர்ப்பு கிடைத்தது.

ஒரு கேள்வி மட்டும் மனசை உறுத்துது. ஹாஸ்டலில் ராகிங் நடப்பது பக்கத்து ரூம்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஸ்டேஷனில் கேட்ட அலறல் அக்கம்பக்கத்துக்குக் கேட்கவே இல்லையா? புதுக்கூரைப்பேட்டையில் ஒரு ஊரே வேடிக்கை பார்த்ததே... வேடிக்கை பார்க்கிறவர்களில் ஒருத்தர் முன்னாடியே வாய் திறந்திருந்தால்?

அந்த ஒருத்தர் நாளைக்கு நீங்களாக இருக்கலாம். உங்க ஹாஸ்டல் காரிடாரில் ஒரு ஜூனியர் தலை குனிந்து நின்றால், கண்டும் காணாமல் கடந்து போகாதீங்க. 'என்னடா தம்பி, சாப்டியா?' என்று கேளுங்க. அவன் தனி ஆள் இல்லை என்று எதிரில் இருப்பவனுக்குப் புரிய அந்த ஒரு வார்த்தை போதும்!

செல்போனில் சேவ் பண்ணுங்க!

* ராகிங்கா? யு.ஜி.சி.யின் 24 மணி நேர இலவச ஹெல்ப்லைன்: 1800-180-5522.

* போலீஸ் கைது செய்தால் காரணம் சொல்லணும், வீட்டுக்குத் தகவல் தரணும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். இது சலுகை இல்லை, உரிமை.

* வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவிக்கு: 15100. பெண்களுக்கான உதவிக்கு: 181.

* சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் மிரட்டலா? இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு வேண்டும், பாதுகாப்பு தர வேண்டும் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. மாவட்ட எஸ்.பி. ஆபீஸில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்க. காப்பி கையில் இருக்கட்டும்.