கருவியும் குறிப்புரையும்

ஓர் இணையதளத்தின் பெயர், மொழி, நேர மண்டலம் முதலியன அதன் அமைப்புகள் எனப்படும். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில், இவற்றைப் பிற மென்பொருள்களும் கேட்டுப் பெறலாம். ஏவிய பணியைச் செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர், இதற்கெனத் தனிக் கருவியொன்றைக் கையாளும். அக்கருவியின் பயனை அஃது அறிவது, கருவியுடன் இணைந்த குறிப்புரையினாலேயே ஆகும்.

இந்தியர் ஒருவர், காலை 6 மணிக்குக் கட்டுரையொன்றை வெளியிடுமாறு முகவரைப் பணிப்பதாகக் கொள்க. தளத்தில் அமைந்திருப்பதோ உலகப் பொது நேரம். கருவி நேர மண்டலத்தையும் தரும் என்பதைக் குறிப்புரை கூறாதுவிடின், முகவர் அதனைக் கேட்டறியாது 6 மணி என்றே குறித்துவிடும். கட்டுரை, இந்திய நேரம் முற்பகல் 11.30 மணிக்கே வெளிவரும்.

ஆதலின், கருவி தருவன எவை, அது படிக்க மட்டுமோ, மாற்றவும் வல்லதோ, எவருடைய இசைவு வேண்டும் என்பவற்றைக் குறிப்புரை ஐயமற உரைத்தல் வேண்டும். சொல்லில் நேரும் குறை செயலில் பிழையாய் முடியும்.