நெருப்பு எட்டாத இடத்திலும் புகை எட்டும்



காட்டுத்தீ என்றதும் எரியும் மரங்களே நம் கண்முன் நிற்கும். ஆனால் தீயைக் காணாத அநேகரையும் அதன் புகை வியாதிப்படுத்துகிறது. 2023ஆம் ஆண்டு கனடா தேசத்தில் நடந்தது இதற்குச் சாட்சி.

அவ்வாண்டு ஜூன் 7ஆம் தேதி, கியூபெக் மாகாணத்துக் காட்டுத்தீயின் புகை எல்லை தாண்டி, அமெரிக்காவின் நியூயார்க் நகர வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாயின.

ஆகஸ்ட் 16ஆம் தேதி, கனடாவின் வடபகுதியிலுள்ள யெல்லோநைஃப் நகரைத் தீ நெருங்கியது. சுமார் 20,000 பேர் வெளியேறும்படி உத்தரவாயிற்று. தெற்கே செல்ல ஒரே நெடுஞ்சாலைதான். வாகனம் இல்லாதோர் விமானத்துக்காக நீண்ட வரிசையில் காத்திருந்தனர். மருத்துவமனையின் உள்நோயாளிகளும் தெற்கிலுள்ள மாகாணங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மூன்று வாரம் கழித்தே ஜனங்கள் வீடு திரும்பினர்.

தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கே உள்ள துகள்கள் புகையில் உண்டு. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் ஆழம்வரை சென்று இரத்தத்திலும் கலக்கக்கூடும். ஆஸ்துமா, இருதய நோயுள்ளோர், கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

புகை சூழும் நாட்களில் ஜன்னல்களை அடைத்து வீட்டுக்குள் இருங்கள். ஈரத்துணி நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசம் உதவும். பயணம் புறப்படுமுன் காற்றின் தரத்தையும் சாலை நிலவரத்தையும் விசாரியுங்கள். வழக்கமான மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

மூச்சுக்குத் தவிப்போரின் படுக்கையருகே அமரும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்று: அத்தகைய நாட்களில் உங்கள் தெருவில் தனித்திருக்கும் முதியவரை மறவாமல் விசாரியுங்கள்.