பென்னாகரத்துக் கணக்கு

பென்னாகரம் இடைத்தேர்தலுக்கு முதலில் குறித்த தேதி 2010 ஜனவரி 20. பொங்கல் முடிந்த கையோடு ஓட்டுப் போடச் சொன்னால் எப்படி என்று ஆட்சேபம் கிளம்ப, மார்ச் 27-க்குத் தள்ளிப்போனது. அந்த இரண்டு மாதமும் எங்கள் தருமபுரி மாவட்டத்தில் வெள்ளை வேட்டிக்குப் பஞ்சமே இல்லை. ரோட்டில் எந்தக் காரை நிறுத்தினாலும் உள்ளே ஒரு மந்திரியோ மாஜியோ இருப்பார்.

நான் அரூர்ப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எலெக்‌ஷன் ட்யூட்டியைச் சொந்தத் தொகுதியில் போடமாட்டார்கள் என்பதால் எனக்குப் பெரும்பாலும் மேற்குப் பக்கம்தான் வாய்த்தது. ஒகேனக்கல் அருவியும் அதைச் சுற்றிய காடும் கரடும் சேர்ந்ததுதான் பென்னாகரம் சட்டமன்றத் தொகுதி. இந்தத் தொகுதியின் எண்களைப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு வாத்தியார் வீட்டில் வேறென்ன இருக்கும்?

தி.மு.க. எம்.எல்.ஏ. பெரியண்ணன் இறந்ததால் வந்தது அந்த இடைத்தேர்தல். அவர் மகன் இன்பசேகரன் ஆளுங்கட்சி வேட்பாளர். எதிரே பா.ம.க. தலைவர் ஜி.கே.மணியின் மகன் தமிழ்க்குமரன். பா.ம.க.வுக்கு அது வாழ்வா சாவா என்ற நேரம். முந்தைய ஆண்டு மக்களவைத் தேர்தலில் நின்ற ஏழு இடமும் போய், அ.தி.மு.க.வோடு உறவும் முறிந்து, தனியாக நின்றார்கள். முடிவில் இன்பசேகரன் 36 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். பா.ம.க. 41 ஆயிரம் வாங்கி இரண்டாவது. அ.தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் இழந்தது. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டிய பணம் திரும்பும். அன்று அந்தக் கோடு 28 ஆயிரத்தை ஒட்டி நின்றது. அ.தி.மு.க. வாங்கியது 26 ஆயிரத்துச் சொச்சம்.

அடுத்த வருஷமே பொதுத்தேர்தல். தி.மு.க.வும் பா.ம.க.வும் இப்போது ஒரே கூட்டணி. இடைத்தேர்தலில் இருவரும் வாங்கியதைக் கூட்டினால் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு மேல் வரும். வேட்பாளரும் அதே இன்பசேகரன். பென்னாகரத்தை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். 2011-ல் அவர் வாங்கியது எழுபதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அ.தி.மு.க. அணியில் நின்ற இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் நஞ்சப்பன் ஜெயித்தார். டெபாசிட் போன இடத்தில் ஒரே வருஷத்தில் வெற்றி.

சாதிக் கணக்கு சொல்வார்கள். வன்னியர் மிகுந்த தொகுதி என்பது உண்மைதான். ஆனால் பெரிய கட்சிகள் எல்லாம் அதே சமூகத்தில் ஆள் பிடித்து நிறுத்தும்போது, இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால் அடித்துவிடுவது போல அது அடிபட்டுப் போகிறது. என் கணிப்பு வேறு. இடைத்தேர்தலில் ஆளுங்கட்சிக்கு விழும் ஓட்டில் ஒரு பகுதி அந்தக் கட்சியின் ஓட்டே இல்லை. ஒரு வருஷத்துக்கு ரோடு, பாலம், முதியோர் பென்ஷன் நடக்கட்டும் என்று போடும் ஓட்டு. ஆட்சியே மாறப்போகிறது என்று தெரிந்தால் அது தங்காது. 2011-ல் மின்வெட்டில் வெந்து கிடந்த ஊர்களில் தங்கவில்லை.

2016-ல் தி.மு.க., அ.தி.மு.க., பா.ம.க. மூன்றும் தனித்தனி. பா.ம.க.வின் முதல்வர் வேட்பாளர் அன்புமணி ராமதாஸ் நிற்கத் தேர்ந்தெடுத்த தொகுதி இதுதான். இரண்டு வருஷம் முன்புதான் தருமபுரி மக்களவைத் தொகுதியில், அ.தி.மு.க. தமிழகத்தையே வாரிக்கொண்டு போன 2014 தேர்தலில், அதற்குத் தப்பிய இரண்டே இடங்களில் ஒன்றாக ஜெயித்தவர். அந்தத் தேர்தலிலும் எனக்கு ட்யூட்டி.

வெயில் கொளுத்தும் மே மாதம். முந்தின நாளே பெட்டியோடு ஊருக்குப் போய்விட வேண்டும். மிஷின் வந்து எத்தனையோ வருஷமாகியும் அதற்குப் பெயர் பெட்டிதான். விடிந்ததும் ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி ஓட்டு. அதில் விழுந்ததைக் காட்டிவிட்டு அழித்தாக வேண்டும். க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்று பயிற்சி வகுப்பில் மந்திரம் போல ஓதுவார்கள். க்ளியர் பண்ண மறந்தால் மாதிரி ஓட்டும் நிஜ ஓட்டும் கலந்து போகும், அப்புறம் பி.ஓ., அதாவது வாக்குச்சாவடித் தலைமை அலுவலர், கதி அதோகதி. மை வைக்கும் வேலையிலும் விதி உண்டு. இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தின் நுனியிலிருந்து முதல் கணு வரை ஒரு கோடு. அன்று வந்த ஒருவருக்கு அந்த விரலே இல்லை. குவாரியில் போயிற்றாம். மை வைக்க உட்கார்ந்திருந்த இளம்பெண் திகைத்து என்னைப் பார்த்தாள். "அடுத்த வெரல்ல வை கண்ணு, போன தடவையும் அதுலதான் வெச்சாங்க" என்று அவரே சொல்லிக் கொடுத்தார்.

மதியம் பூத் காய்ந்து கிடந்தது. இந்தத் தொகுதியின் பாதி இளவட்டம் பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் கூலி. மழையை நம்பிய மேட்டு நிலத்தில் வருஷம் முழுக்கச் சோறு கிடைக்காது. ஓட்டுக்கு வருவார்கள். ஆனால் கடைசி நேரத்தில் வருவார்கள். ஆறு மணி அடிக்கச் சில நிமிஷம் இருக்கையில் ஒரு கும்பல் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தது. "டீச்சரம்மா, பெங்களூர் மெஜஸ்டிக்ல பஸ்ஸே கெடைக்கல, கதவ சாத்திராதீங்க" என்று வாசலிலிருந்தே ஒருவன் கத்தினான். சாத்த வேண்டியதில்லை. ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கி, பி.ஓ. கையெழுத்திட்ட நம்பர் சீட்டு கொடுத்துவர வேண்டும். வாலுக்கு முதல் நம்பர் போட்டுவிட்டால் அதற்குப் பின்னால் யாரும் ஒட்ட முடியாது. யார் யோசித்த விதியோ, கெட்டிக்காரர். கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்களே தவிர வாய் திறக்கவில்லை.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக, 81.20 சதவீதம், ஓட்டு விழுந்தது தருமபுரியில். விழிப்புணர்வுக் கோலத்துக்கும் மனிதச் சங்கிலிக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஊருக்கு வர ஒரு காரணம் தேடுகிறவர்களுக்கு, குலதெய்வம் கோயில் திருவிழாவுக்கு அடுத்தபடி எலெக்‌ஷன் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ரோடு இல்லாத கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகில் பெட்டி ஏறிய படம் ஒவ்வொரு தேர்தலுக்கும் பேப்பரில் வரும். பெட்டி போகிற பாதையில்தான் நிறைமாதக்காரியும் இறங்கி வர வேண்டும் என்பது படத்துக்குக் கீழே வராது.

அந்த 2016-ல் இன்பசேகரன் ஜெயித்தார். அன்புமணி 18 ஆயிரத்துச் சொச்சத்தில் தோற்றார். முன்னாள் அமைச்சர் கே.பி.முனுசாமி அ.தி.மு.க.வுக்காக நின்று மூன்றாவது. 2021-ல் பா.ம.க.வும் அ.தி.மு.க.வும் சேர்ந்தன. 1996-லும் 2001-லும் இங்கே ஜெயித்த ஜி.கே.மணி மீண்டும் வந்து, இன்பசேகரனை 21 ஆயிரத்துச் சொச்சத்தில் தோற்கடித்தார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2016-ல் இரண்டு கட்சியும் தனித்தனியாக வாங்கியதைக் கூட்டினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். 2021-ல் மணி வாங்கியது ஒரு லட்சத்து ஆறாயிரம். 2011-ல் கவிழ்ந்த அதே கூட்டல் இங்கே கச்சிதமாக நின்றது.

மேடையில் பேசுவதற்கு இங்கே தண்ணீர் ஒன்று போதும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு. பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, அங்கே தேர்தல் சமயம், அது முடியட்டும் என்று இங்கே பொறுத்தார்கள். 2013 மே மாதம் ஜெயலலிதா திறந்துவைத்தார். அன்றிலிருந்து யாருடைய தண்ணீர் என்ற சண்டை ஓயவில்லை. வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல்லில் லட்சம் கனஅடி சுழித்துப் போக, மேட்டில் ஏரிகள் காய்ந்து கிடக்கின்றன. அந்த உபரி நீரை ஏரிகளில் ஏற்று என்பதற்காக 2024 அக்டோபரில் பா.ம.க. மாவட்டத்தில் கடையடைப்பே நடத்தியது. மொரப்பூர்–தருமபுரி ரயில் இன்னும் பழைய கதை. வெள்ளைக்காரன் 1906-ல் விட்ட சின்ன ரயிலை 1941-ல் நிறுத்தினார்கள். புதுப் பாதைக்கு 2019 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், அடிக்கல் நட்டார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அது மைக் வரைக்கும் வந்துவிட்டுப் போகிறது.

2024 ஓட்டு எண்ணிக்கையில் பா.ம.க.வின் சௌமியா அன்புமணி ஆரம்பச் சுற்றுகளில் முன்னால் போய், கடைசியில் தி.மு.க.வின் ஆ.மணியிடம் 21,300 ஓட்டில் தோற்றார். தனி அணியாக நின்ற அ.தி.மு.க. இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தது. அன்று சாயங்காலமே என் வீட்டுத் திண்ணையில் கூட்டல் ஆரம்பமாகிவிட்டது. பா.ம.க.வும் அ.தி.மு.க.வும் சேர்ந்திருந்தால் ஏழு லட்சமாம், அடிச்சுத் தூக்கியிருக்கலாமாம். உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து 2011-ஐயும் 2021-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது இதில் எந்த ரகம் என்று கேட்டேன். கட்சிக்கார மைத்துனர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷம் பொறு அண்ணி, சொல்றேன்" என்றார்.