அணுத்துகள் ஆராய்ச்சியும் நாளைய மென்பொருளும்

ஜெனிவா நகருக்கு அருகே, சுவிட்சர்லாந்து - பிரான்சு எல்லையில், நிலத்துக்கடியே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் ஒன்று உள்ளது. ‘செர்ன்’ எனப்படும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தின் மாபெரும் ஹேட்ரான் மோதுகருவி அமைந்திருப்பது இதில்தான். 2012-ஆம் ஆண்டில் இங்கு ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டபோது, இதன் காந்தங்களையும் உணர்கருவிகளையும் உலகம் வியந்து பாராட்டியது. அவற்றுக்கு இணையான மற்றொரு கருவியைப் பற்றிப் பேசியோர் சிலரே. கணிப்பொறிகளை இயக்கும் மென்பொருளே அக்கருவி.

மோதுகருவி முழு வேகத்தில் இயங்கும்போது, எதிரெதிராக வரும் புரோட்டான் கொத்துகள் வினாடிக்குச் சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. இவை அனைத்தையும் பதிவு செய்து வைப்பது எந்தக் கணிப்பொறிக்கும் இயலாது. எனவே பெரிய சோதனைகளில், விரைவு மின்னணுச் சுற்றுகள் முதலில் வினாடிக்கு ஏறத்தாழ 1 லட்சம் நிகழ்வுகளைத் தெரிந்தெடுக்கின்றன. பின்னர் மென்பொருள் அவற்றைச் சலித்து, ஆயிரக்கணக்கில் குறைக்கிறது. கழிக்கப்பட்டது கழிக்கப்பட்டதே. அலுவலகக் கணக்கேட்டில் நேர்ந்த பிழையை மறுநாள் திருத்திவிடலாம். இங்கு அதற்கு வழியில்லை.

சலிப்பதோடு பணி முடிவதில்லை. உணர்கருவியில் விழுந்த புள்ளிகளை இணைத்துத் துகள்களின் பாதைகளை வரைய வேண்டும். கணிப்பொறிக்குள்ளேயே செயற்கை மோதல்களை நிகழ்த்தி, உண்மை மோதல்களோடு ஒப்பிட வேண்டும். இப்பணிக்கான ‘ஜியான்ட்-4’ என்னும் மென்பொருள் 1998-இல் வெளியாயிற்று. புற்றுநோய்க்கான கதிரியக்கச் சிகிச்சையிலும் விண்வெளி ஆய்விலும் இன்று அது பயன்படுகிறது என்பது பலர் அறியாத செய்தி.

2030-ஆம் ஆண்டளவில் மோதுகருவி மேம்படுத்தப்பட்ட வடிவில் இயங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. அப்போது கொத்துகள் ஒருமுறை கடக்கும்போது 200 மோதல்கள் வரை ஒரே சமயத்தில் நிகழக்கூடும். ஈர மணலில் 5 பேர் நடந்து சென்றால், எந்தக் காலடி எவருடையது என்று கூறிவிடலாம். 200 பேர் குறுக்கும் நெடுக்குமாக நடந்த பின் அதைக் கூற முயல்வது எத்தகையது என எண்ணிப் பார்க்கலாம். மோதல்களின் எண்ணிக்கை உயரும் விகிதத்தைவிடக் கணக்கீட்டுச் சுமை உயரும் விகிதம் மிகுதி.

முன்பெல்லாம் இச்சுமையைக் கணிப்பொறித் தொழிலே தாங்கிக்கொண்டது. சில ஆண்டுகள் காத்திருந்தால், பழைய ஆணைநிரலே புதிய கணிப்பொறியில் விரைந்து ஓடும். 2005-ஆம் ஆண்டையொட்டி அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. செயலிகளின் அடிப்படை வேகம் உயர்வது ஏறக்குறைய நின்று, ஒரு செயலிக்குள் பல கணக்கீட்டு அலகுகளை அடுக்கும் முறை வளர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடும்படி எழுதப்பட்ட நிரல்கள் இம்மாற்றத்தால் தாமாகப் பயன் பெறுவதில்லை. அவற்றைத் திருத்தி எழுதியாக வேண்டும். திரை விளையாட்டுகளுக்கென வளர்ந்த வரைகலைச் செயலிகள் இதற்குப் பெரிதும் உதவுகின்றன. எல்.எச்.சி.பி. என்னும் சோதனைக் குழு, 2022-இல் தொடங்கிய கட்டத்தில், தன் முதல்நிலைச் சலிப்பு முழுவதையுமே அவற்றிடம் ஒப்படைத்தது. ஆனால் ஒரு நிறுவனத்தின் செயலிக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் அப்படியே ஓடுவதில்லை.

இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கலாம். நிரலை எழுதிக் காப்பவர்களுக்கு என்ன வழி? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பெட்ரா முடுக்கியில் 1979 முதல் 1986 வரை ‘ஜேட்’ என்னும் சோதனை நடைபெற்றது. பின்வந்த முடுக்கிகள் பெரும்பாலும் வேறு ஆற்றல் நிலைகளில் இயங்கியவை. ஆதலால், அணுக்கருவைப் பிணைக்கும் வல்விசையின் வலிமை ஆற்றலுக்கேற்ப மாறுவதைச் சோதிக்க, ஜேட் பதிவுகள் பின்னாளில் மீண்டும் தேவைப்பட்டன. பதிவுகள் இருந்தன; அவற்றைப் படிக்கும் நிரல்களோ வழக்கொழிந்த பெருங்கணிப்பொறிக்கென எழுதப்பட்டவை. சிறு குழு ஒன்று அரும்பாடுபட்டு அவற்றை உயிர்ப்பித்தது. இன்றியமையாத சில எண்களைப் பழைய காகித அச்சுப் பட்டியலிலிருந்து கையால் தட்டச்சு செய்ய நேர்ந்தது. பயனுள்ள முடிவுகள் கிடைத்தன என்பது உண்மையே. பழைய உறுப்பினர் சிலர் துறையிலேயே இருந்ததால்தான் அது கைகூடிற்று.

நிரல்களைப் பெரும்பாலும் எழுதுவோர் ஆய்வு மாணவர்களும் குறுகியகால நியமனம் பெற்றோரும் ஆவர். பட்டம் பெற்றதும் பலர் வெளியேறுகின்றனர். பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. நூறு கட்டுரைகளுக்கு ஆதாரமான நிரல் எண்ணப்படுவதில்லை. இது நியாயமற்றது என்பதோடு, பொதுப் பணத்துக்கு இழப்புமாகும். இத்துறையின் மென்பொருள் கூட்டமைப்பு 2017-இல் வகுத்த வழிகாட்டித் திட்டமும், பயிற்சிக்கும் பணிவாய்ப்புக்கும் தனி இடம் அளித்தது.

2017 முதல் செர்ன் நிலையத்தின் இணை உறுப்பு நாடாக உள்ள இந்தியாவுக்கு இதில் பங்குண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், கொல்கத்தா மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் உலகளாவிய கணிப்பொறி வலையமைப்பில் இணைந்துள்ளன. அவ்வலையமைப்பின் இயக்கத்தைக் கண்காணிக்கும் மென்பொருளை உருவாக்குவதில் பாபா அணு ஆராய்ச்சி மையம் பங்கேற்றது. எனினும் பல்கலைக்கழகங்களில் இயற்பியலும் நிரலாக்கமும் ஒருங்கே அறிந்தவருக்கென நிலையான பணியிடங்களை ஏற்படுத்துவது பெரிதும் பயன் தரும். சோதனைப் பதிவுகளின் ஒரு பகுதியை, ஆய்வுக்கருவிகளுடன், செர்ன் 2014 முதல் யாவருக்கும் திறந்து வைத்துள்ளது. முடுக்கியைக் கண்ணால் கண்டிராத கல்லூரியிலும், ஒரு கணிப்பொறியும் வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரும் இருந்தால், இப்பணியை நடப்புக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.