இழுவை வீட்டுக்கு லிதியம் பாட்டரி

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் வேனிற்காலம் பிறந்தவுடன், மோட்டார்க் கார்களின் பின்னே சின்னஞ்சிறு வீடுகள் பூட்டுண்டு பெருவழிகளில் ஓடக் காணலாம். சக்கரங்களின்மீது அமைந்த அவ்வீட்டினுள் படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் குளிர்ப்பெட்டியும் அடங்கியிருக்கும். 'கேம்பர் டிரெய்லர்' என்று அந்நாட்டார் வழங்கும் இதனை யாம் இழுவை வீடு என்று குறிப்போம். மினசோட்டா மாநிலத்துப் பாக்கஸ் என்னும் சிற்றூரிற் செய்யப்படும் 'ஸ்காம்ப்' என்பது இவ்வகையிற் பெயர் பெற்றது. அதன் சிறுவடிவம் 13 அடி நீளமே உடையது. அத்தகைய வீடொன்றிற் பழைய ஈயப் பாட்டரியை நீக்கி லிதியம் பாட்டரி வைக்க விரும்புவோன் எவற்றை ஆராய்தல் வேண்டும் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

நம் கல்லூரியில் இழுவை வீட்டைக் கண்டார் சிலரே ஆயினும், மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் விளக்கெரிக்கும் இன்வெர்ட்டரையும், அவ்வப்போது வாலை நீர் ஊற்றப்பெறும் அதன் பாட்டரியையும் அறியாதார் இலர். இழுவை வீட்டின் பழைய பாட்டரியும் அக்குடியிற் பிறந்ததே. பிரெஞ்சு நாட்டுக் காஸ்தோன் பிளாந்தே என்பார் 1859-ஆம் ஆண்டில் ஈயத்தையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு அமைத்த கலமே இவை யாவற்றிற்கும் மூதாதை. நூற்றறுபது ஆண்டுகட்கு மேலாக அதன் அடிப்படை மாறவில்லை என்பது வியப்புக்குரியது.

லிதியம் என்னும் பெயர் கிரேக்க மொழியிற் கல்லைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. 1817-இல் அது ஒரு கனிமத்திற் கண்டறியப்பட்டமையின் அப்பெயர் பெற்றது. உலோகங்கள் யாவற்றினும் எடை குறைந்ததாய் நீரில் மிதப்பதொன்று கல்லின் பெயரைத் தாங்குதல் மொழி செய்யும் விளையாட்டுக்களுள் ஒன்று போலும்! லிதியம் அயனிக் கலங்கள் 1991-இல் விற்பனைக்கு வந்தன. ஆயின் கைப்பேசியில் உள்ள கலமும் இழுவை வீட்டுக்கு உரிய கலமும் ஒன்றல்ல. பின்னதற்கு உரியது லிதியம் இரும்புப் பாஸ்பேட்டு என்னும் வகை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் என்பாரும் அவரோடு ஆராய்ந்த அக்ஷய பாதி முதலியோரும் 1997-இல் இதனை உலகிற்கு வெளியிட்டனர். குடினஃப் 2019-இல் தம் 97-ஆம் வயதில் லிதியம் கலங்களின் பொருட்டு நோபல் பரிசிற் பங்கு பெற்றார்.

இவ்வகையைச் சிறப்பித்துக் கூறுதற்குக் காரணம் இரண்டு. பாஸ்பேட்டினுள் ஆக்ஸிஜன் வலுவாகப் பிணிப்புண்டு கிடத்தலின், கலம் மிகச் சூடேறினும் அவ்வாயு எளிதில் வெளிப்பட்டு எரிதலுக்குத் துணை செய்யாது. உறங்கும் இடத்திற்கு அருகே வைக்கும் பொருளுக்கு இக்குணம் இன்றியமையாதது. மற்றொன்று கணக்கைப் பற்றியது. இக்கலம் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட், நான்கை வரிசையாக இணைப்பின் 12.8 வோல்ட் ஆகும். இழுவை வீட்டின் விளக்கும் பம்பும் 12 வோல்ட்டுக்கே அமைந்தவையாதலின் அவற்றை மாற்ற வேண்டுவதில்லை.

100 ஆம்பியர்-மணி கொள்ளும் ஈயப் பாட்டரி 27 முதல் 30 கிலோ எடையுள்ளது. அதே அளவுள்ள லிதியம் பாட்டரி 11 முதல் 14 கிலோவே. அன்றியும், ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கின் அதன் வாழ்நாள் குறையும். ஆகவே 1200 வாட்-மணி என்று எழுதியிருப்பினும் கைக்கு வருவது 600 அளவே. லிதியமோ தன் 1280 வாட்-மணியிற் பெரும்பகுதியையும் தடையின்றித் தரும். ஈயம் சில நூறு முறை நிறைந்து குறைவதற்குள் தளரும். லிதியம் இரும்புப் பாஸ்பேட்டு 2000 முறைக்கு மேலும் தாங்கும். விலை கூடுதலாயினும் ஆண்டுக்கணக்கில் நோக்குவார்க்கு அது பெரிதன்று.

இனி, எத்தனை ஆம்பியர்-மணி வாங்குவது? விளம்பரங்களைப் படிப்போர் 200, 300 என்று மேன்மேற் செல்வர். முதலிற் செய்யற்பாலது கடைக்குச் செல்லுதலன்று. ஒரு தாளை எடுத்து ஒருநாட் செலவை எழுதுதலேயாம். சிறு விளக்குகள் நான்கு, ஒன்றுக்கு 3 வாட் வீதம் 4 மணி நேரம் எரியின் ஏறத்தாழ 50 வாட்-மணி. நீர்ப்பம்பு ஓடும்போது 85 வாட் இழுப்பினும் நாளொன்றுக்குக் கால் மணியே ஓடுதலின் 20-ஐச் சற்றே கடக்கும். கூரை விசிறி 25 வாட் வீதம் 8 மணிக்கு 200. கைப்பேசிகளுக்கு 40. இரவும் பகலும் விழித்திருக்கும் எரிவாயுக் காவற்கருவி 1 வாட்டாயினும் நாளைக்கு 24 கொள்ளும். இவை கூடி 340 அளவில் நிற்கும். குளிர்ப்பெட்டி எரிவாயுவில் இயங்குவதாயின் 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஒன்று மூன்று நாளைக்கு மேலும் போதும். மின்சாரத்தில் இயங்கும் கம்பிரசர்ப் பெட்டியாயின் அது மட்டுமே 400 முதல் 500 வாட்-மணி வரை கொள்ளும். அப்போது ஒன்றரை நாளைக்கே வரும்.

குளிரூட்டும் பொறியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் பாட்டரியால் இயக்க விரும்புவாரும் உளர். 1500 வாட் வேண்டும் பொறிக்கு, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, 12.8 வோல்ட்டில் ஏறத்தாழ 130 ஆம்பியர் பாய வேண்டும். லிதியம் பாட்டரியினுள் 'பி.எம்.எஸ்.' என்னும் மின்னணுக் காவலமைப்பு ஒன்று உண்டு. 100 ஆம்பியருக்கு மேல் விடாதபடி அமைந்ததாயின் அது உடனே மின்சாரத்தை அறுத்துவிடும். அறுக்காவிடினும் ஒரு மணி நேரத்திற்குள் பாட்டரி வெறுமையாகும். ஆகவே, சிறு வீட்டிற்கு ஒரு பாட்டரியே சாலும் என்றும், இரண்டாவதற்குச் செலவிடும் பொருளைச் சார்ஜருக்கும் கம்பிகளுக்கும் செலவிடுதலே நன்று என்றும் யாம் கருதுகின்றோம்.

குளிரைப் பற்றி விரிவாகக் கூறவேண்டும். கலம் நிறையும்போது லிதியம் அயனிகள் கிராஃபைட்டு என்னும் கரிமுனையின் அடுக்குகளுக்குள்ளே புகுந்து தங்குகின்றன. சைபர் பாகைக்குக் கீழே அவை விரைந்து புகமாட்டாமல், வாயிலில் நெருக்குண்ட கூட்டம் போல முனையின் புறத்தே உலோகமாய்ப் படிந்துவிடும். படிந்தது பெரும்பாலும் மீண்டு பயன்படுவதில்லை, கொள்ளளவு குறையும், சிலபோது ஊசிபோல் வளர்ந்து இடைத்திரையைத் துளைத்து உள்ளேயே மின்குறுக்கு உண்டாக்கவுங்கூடும். மின்சாரம் எடுப்பதற்கு இத்துணைத் தடையில்லை. சைபருக்குக் கீழ் 20 பாகை வரையிலும் எடுக்கலாம். நிறைத்தலே ஆகாது. மினசோட்டாவின் வடபகுதியில் அக்டோபர் இரவுகளிலேயே நீர் உறைதல் உண்டு. கூரையிற் கதிரவத் தகடு வைத்திருப்பவன், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பாட்டரி விடியற்காலையில், தான் உறங்கும்போதே, நிறையத் தொடங்குவதை அறியான். ஆதலின், குளிரில் நிறைத்தலைத் தானே நிறுத்தும் காவலமைப்பு உண்டா என்று குறிப்புத்தாளைப் பார்த்தே வாங்கல் வேண்டும். மலிவான பாட்டரிகள் சிலவற்றில் அஃது இல்லை. தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும் பாட்டரிகளும் கிடைக்கின்றன. அச்சூட்டிற்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறத்தலாகாது. எளிய வழி, பாட்டரியை வீட்டின் உள்ளே, இருக்கையின் கீழ் வைத்தலாம். திராவகப் பாட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுதலின் காற்றோட்டமின்றி உள்ளே வைத்தல் தகாது. லிதியம் இயல்பான நிலையில் வாயு ஒன்றும் விடுவதில்லை.

ஆனால் உள்ளே மாற்றுதலில் வேறோர் இடர் மறைந்து கிடக்கின்றது. பழைய பாட்டரி பெரும்பாலும் வீட்டின் முன்னே, காரொடு கொளுவும் கோலின்மேல் இருந்தது. இழுவை வீட்டின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு அக்கொளுவியின்மீது அழுந்துதல் வேண்டும் என்பது அறிந்தோர் கொண்ட அளவு. குறைந்தால் வீடு விரைவிற் செல்லும்போது வால்போல் இருபுறமும் ஆடிக் காரையும் இழுத்துக் கவிழ்த்துவிடக் கூடும். 750 கிலோ எடையுள்ள வீட்டிற்குக் கொளுவி எடை 85 என்க. முன்னிருந்த 28 கிலோப் பாட்டரியை எடுத்து, 12 கிலோப் பாட்டரியை அச்சுக்குப் பின்னே வைத்தால், அவ்வெடை ஏறத்தாழ 60-க்கு இறங்கும். அது நூற்றுக்கு 8 பங்கே. எடை குறைந்ததென்று மகிழ்வோன் இதனைக் கருதுவதில்லை. ஆகவே பாட்டரியை அச்சுக்கு முன்னே வைத்து, கொளுவியின் எடையை மீண்டும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

பிரேக்கைப் பற்றியதும் இதற்குச் சிறிதும் குறைந்ததன்று. மின்பிரேக்கு உள்ள இழுவை வீடுகளில், ஓடும்போது கொளுவி விட்டுப்போயின், காரொடு பிணித்த சிறுகம்பி ஓர் ஆணியைப் பறிக்கும். உடனே வீட்டின் பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து சக்கரங்கள் நின்றுவிடும். ஈயப் பாட்டரி தளர்ந்தாலும் படிப்படியாகத் தளரும். சிறிதேனும் மின்சாரம் எஞ்சியிருக்கும். லிதியத்தின் காவலமைப்போ வெறுமை நேர்ந்த கணமே முற்றும் அறுத்துவிடும். அப்போது பிரேக்கு இல்லை. பாட்டரியை நிறுத்தும் பொத்தானைப் பிரேக்குக் கம்பியும் அதன் வழியே செல்லுமாறு அமைப்பதும் இத்தகைய பிழையே. பிரேக்குக்கெனத் தனியே சிறு பாட்டரி வைப்பாரைக் கண்டு மிகையென்று நகைத்தல் வேண்டா.

நிறைக்கும் கருவிகளை ஆராய்வாம். பழைய வீடுகளில் உள்ள சார்ஜர்களிற் பல 13.6 வோல்ட் அளவிலேயே நிற்பவை, லிதியம் 14.2 முதல் 14.6 வரை வேண்டுவது. பழையதோடு விட்டால் மிக மெதுவாகவே நிறையும். ஈயத்திற்கென 15 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தும் முறையுடைய சார்ஜராயின் அது லிதியத்திற்கு ஒவ்வாது. காரிலிருந்து நிறைப்பதிலும் இருவகை இடர் உண்டு: கம்பி மெல்லியதாயின் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்து பயன் சிறிதாகும், தடித்ததாயின் லிதியம் அளவின்றி இழுத்துக் காரின் ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும். இரண்டிற்கும் மருந்து, இடையே டி.சி.-டி.சி. சார்ஜர் என்னும் கருவியை வைத்து 20 ஆம்பியர் அளவிற் கட்டுப்படுத்தலே. கதிரவத் தகட்டிற்கோ லிதியமே ஏற்ற துணை. ஈயம் கடைசிப் பகுதியை மணிக்கணக்காக மெல்லமெல்ல உண்ணும். லிதியம் ஏறக்குறைய முடிவுவரை முழு வேகத்தில் ஏற்குமாதலின், மரநிழலிடையே கிடைக்கும் சிறுபொழுது வெயிலும் வீணாவதில்லை.

மின்குறுக்கு நேரின் லிதியம் பாட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒருகணத்திற் கொட்டும். அதனை அறுக்கவல்ல 'டி' வகை உருகுகம்பியை நேர்முனைக்கு அருகே இடுதல் வேண்டும். எஞ்சிய அளவை வோல்ட்மீட்டரால் அறியவும் இயலாது. நூற்றுக்கு 80 பங்கு இருக்கும்போதும் 40 பங்கு இருக்கும்போதும் வேறுபாடு பத்தில் இரண்டு வோல்ட்டளவே. உட்செல்வதையும் வெளிவருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் 'ஷண்ட்' மீட்டரே உண்மை கூறும்.

பனிக்காலத்தில் வீடு பல மாதம் ஓடாமல் நிற்கும். அப்போது பாட்டரியைப் பாதியளவு நிறைத்து இணைப்பை நீக்கிவிடல் வேண்டும். நீக்காவிடின், மேற்கூறிய எரிவாயுக் காவற்கருவி ஒன்றே பாதியளவான 640 வாட்-மணியை 27 நாளில் உண்டுவிடும். வெறுமையாய் மாதக்கணக்கிற் கிடந்த கலம் கெடும். 12 கிலோவே ஆதலின் ஒருவரே அதனைக் கையில் எடுத்துச் சென்று வீட்டினுள் வைக்கலாம்.