தன்னை எண்ண மறந்தவர்கள்

வாலாஜாபாத்தில் பாலாற்றைக் கடக்கும் நாம் ஆண்டில் பல மாதங்கள் மணலையே காண்கிறோம். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என்னும் ஐயம் நமக்கு எழுவதில்லை. ஆனால் பரமார்த்த குருவுக்கும் அவருடைய சீடர் ஐவருக்கும் அந்த ஐயம் எழுந்தது!

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் அந்தச் சீடர்களை நமக்குத் தந்தவர், 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி, புதிதாக வரும் குருக்கள் மக்களின் பேச்சுத் தமிழைப் பயிலவேண்டும் என்றே இக்கதையை எழுதினார். 1822-இல் பாபிங்டன் என்பவர் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேற்றினார்.

இக்கதை நம்மைச் சிரிக்க வைப்பது எவ்வாறு? நகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறும் நான்கனுள் பேதைமையும் மடனும் அடங்கும். அறியாமை பேதைமை, சொன்னதைப் பற்றிக்கொண்டு விடாமை மடன். இவ்விரண்டையுமே முனிவர் கையாளுகிறார்.

சீடன் ஒருவன் எரிகொள்ளியை ஆற்றில் தோய்க்கிறான். நீர் சீறிப் புகைகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று ஓடி வருகிறான். பின்னர் மற்றொருவன் அணைந்துபோன அதே கொள்ளியைத் தோய்க்கிறான். சீற்றமில்லை, ஆகவே ஆறு உறங்கிவிட்டதாம்! சோதனை முறையானதே, அடிப்படைதான் தவறு. இது பேதைமை.

குதிரையிலிருந்து விழுந்தால் எடுக்கவேண்டிய பொருள்களுக்குக் குரு ஒரு பட்டியல் எழுதித் தருகிறார். பிறகு அவரே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் பட்டியலைப் படித்து அவருடைய ஆடைகளை எடுத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் இல்லாத குருவை விட்டுவிடுகிறார்கள். இது மடன்.

இவர்களில் எவரும் சிரிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். அவர்கள் எவ்வளவு கவலைப்படுகிறார்களோ அவ்வளவு நாம் நகைக்கிறோம். அவர்கள் அறியாத உண்மையை நாம் முன்னரே அறிந்திருப்பதே காரணம்.

ஆற்றைக் கடந்தபின் நிகழ்வதே கதையின் சிகரம். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டே எண்ணுகிறான். அறுவர் ஐவராகி விடுகின்றனர். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகை! வழிப்போக்கன் ஒருவன் பணம் பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி கொடுக்கிறான். அடிபட்டவர் ஒவ்வொருவரும் தம்மைச் சொல்ல, கணக்கு நேராகிறது. இங்கிலாந்தின் கோதம் ஊரார் கதையிலும் இத்தகைய எண்ணிக்கை உண்டு. எந்நாட்டு மனிதனுக்கும் பொதுவான குறை போலும்!

ஆம், அது நம் குறையுமே. நகை பிறக்கும் மற்றொரு நிலைக்களன் எள்ளல். நம் இல்லங்களில் மிக எளிதாக நுழைவது அதுவே. பாடத்தில் பின்தங்கிய பிள்ளையை உறவினர் நடுவில் நிறுத்தி 'மட்டி' என்கிறோம், எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்பிள்ளை மட்டும் சிரிப்பதில்லை. கதையின் மட்டிக்கு நோவதில்லை. நம் மட்டிக்கு நோகும். வீட்டாரின் குற்றங்களை விரல்விட்டு எண்ணும் நாம், எண்ணுகிற நம்மை மறந்துவிடுகிறோம். பிறர் கண்ணின் துரும்பையும் தன் கண்ணின் மரக்கட்டையையும் பற்றி நம் ஆண்டவர் கூறியதும் இதைத்தானே?

இன்றிரவு செபம் முடிந்தபின் இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எண்ணும் இடம் வந்ததும் சற்று நிறுத்துங்கள். எங்கே தவறு என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு, நீங்கள் தவறாக எண்ணிய கணக்கு ஒன்றையும் கூறி, அவர்களுடன் சேர்ந்து சிரியுங்கள். தன்னையும் சேர்த்து எண்ணிச் சிரிக்கும் குடும்பத்தில் எவரும் குறைந்துபோவதில்லை.